துளையுள்ள இதயத்துடன் ஐம்பது ஆண்டுகள்

2021 ஆம் ஆண்டு ஜூன் மாதம். பெருந்தொற்றின் இரண்டாம் அலை சற்றே தணிந்திருந்த ஒரு காலைப் பொழுது. மும்பையில் நான் பணியாற்றிய கிளையின் வாயிலில், அந்நாளைய வழக்கப்படி ஒரு மேசை போடப்பட்டிருந்தது. அதன்மேல் கிருமிநாசினிக் குப்பி, காய்ச்சல் பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். உள்ளே வருவோரை நிறுத்திக் காவலர் ஒவ்வொருவராக அளந்துகொண்டிருந்தார். பதினொரு மணியளவில் அவர் பதறியபடி என் அறைக்குள் வந்தார். வெளியே ஓர் அம்மாள் அமர்ந்திருக்கிறார், அவருடைய ஆக்சிஜன் அளவு 82 என்று கருவி காட்டுகிறது, விரலை மாற்றி வைத்துப் பார்த்தும் அதே எண்தான், ஆம்புலன்சுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

எழுந்து போனேன். மேசைக்கு அருகே நாற்காலியில் அமர்ந்து, முகக்கவசத்துக்கு மேலே கண்களால் சிரித்துக்கொண்டிருந்தவர் என் அக்கா. "82 இருக்கா? பரவாயில்லையே தம்பி, போன வாரம் 80 தான் இருந்தது" என்றார். வைப்புத் தொகையின் வட்டியில் வரிப் பிடித்தம் செய்யாதிருக்க 15ஜி படிவம் கொடுக்க வந்திருந்தார். அவருடைய கணக்கு தொடக்கத்திலிருந்தே அந்தக் கிளையில்தான். மாற்றலில் நான் அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல். இந்த நேரத்தில் வெளியே வரலாமா என்று நான் கடிந்துகொண்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிவத்தைக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

நமக்கெல்லாம் 95க்கு மேல் இருக்கும் அந்த எண், அக்காவுக்குப் பல ஆண்டுகளாக 80ஐ ஒட்டியே இருக்கிறது. அவருக்குப் பிறவியிலேயே இதயத்தில் துளை. இடது, வலது கீழறைகளைப் பிரிக்கும் தசைச் சுவரில், பெரிய துளை. இன்றுவரை அது மூடப்படவில்லை. அன்று மாலை, உடன் பணியாற்றும் இளைஞர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். துளை என்றால் அடைத்துவிடலாமே சார், இப்போது தொடை வழியாகவே அடைக்கிறார்களாமே, செலவுதான் தடை என்றால் கடன் வசதிகூட இருக்கிறதே என்றார் ஒருவர். அவர்களுக்கு அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன். நான் வணிகவியல் படித்தவன். மருத்துவம் எனக்குத் துறையன்று. ஆயினும் நாற்பது ஆண்டுகளாக ஒரே நோயாளியுடன் மருத்துவமனை வாங்குகளில் காத்திருந்து கற்றுக்கொண்டவை சில உண்டு.

தேறிவிட்டதாக நாங்கள் நினைத்த காலம்

இதயத்தின் இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது; வலப்பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது. வேலைக்கு ஏற்ற அழுத்தம். இடக் கீழறையில் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், வலக் கீழறையில் 25 அளவுதான். இரண்டுக்கும் இடையே உள்ள சுவரில் பெரிய துளை இருந்தால் என்ன நடக்கும்? அழுத்தம் மிகுந்த இடப்பக்கத்திலிருந்து இரத்தம் வலப்பக்கத்துக்குப் பாய்ந்து, நுரையீரலுக்கே திரும்பத் திரும்பப் போகும். ஏற்கெனவே ஆக்சிஜன் ஏற்றப்பட்ட இரத்தம் வீணாக மறுசுற்று வருகிறது. நுரையீரல் வெள்ளத்தில் மிதக்கிறது. குழந்தை பால் குடிக்கும்போதே களைத்துவிடும், நெற்றியில் வியர்க்கும், எடை ஏறாது, அடிக்கடி சளிக்காய்ச்சல் வரும்.

1974இல் பிறந்த அக்காவுக்கு இவை அத்தனையும் இருந்தன. தந்தையார் பம்பாயில் ஒரு தனியார் நிறுவனத்தில் சுருக்கெழுத்தர். சயானில் மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருப்பு. ஆறு மாதக் குழந்தையின் மார்பில் குழல் வைத்துக் கேட்ட மருத்துவர் ஒருவர், இதயத்தில் துளை இருக்கிறது, பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், கவலை வேண்டாம் என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யன்று. சிறிய துளைகள் பல, குழந்தை வளர வளரத் தாமாகவே மூடிக்கொள்கின்றன. அக்காவின் துளை சிறியதன்று என்பதை அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை. இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் எக்கோ கருவி அப்போது இல்லை. கைக்குழந்தையின் இதயத்தைத் திறந்து அறுவை செய்யக்கூடிய இடங்களும் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தில், பச்சைக் குழந்தையின் நெஞ்சைக் கிழிக்க ஒருபோதும் சம்மதிக்காதே என்று இருந்ததாம்.

இரண்டரை வயதுக்குப் பிறகு அக்கா தேறினார். மூச்சிரைப்பு குறைந்தது, எடை கூடியது, சளிக்காய்ச்சல் விட்டது. மருத்துவர் சொன்னபடி துளை மூடிக்கொண்டுவிட்டது என்று வீட்டில் நம்பினார்கள். தாயார் மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்தில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாராம். எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய மகிழ்ச்சி அதுதான். அதுவே எங்கள் மிகப் பெரிய தவறான கணக்கும் ஆயிற்று.

ஏனெனில் துளை மூடவில்லை. இடைவிடாத வெள்ளத்தைத் தாங்கத் தாங்க, நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தடித்து உட்புறம் குறுகத் தொடங்கியிருந்தன. குழாய் குறுகினால் அதற்குள் பாயும் இரத்தமும் குறையும். இரத்தம் குறைந்தால் மூச்சிரைப்பும் குறையும். குழந்தை தேறுவதுபோல் தோன்றும். உண்மையில் துளையை மூடுவதற்கான காலம் அந்த மாதங்களில்தான் கைநழுவிக்கொண்டிருந்தது. ஒரு பற்றுவரவு ஏட்டில் நிலுவை குறைகிறதே என்று மகிழ்ந்துவிட்டு, பிறகு பார்த்தால் வாடிக்கையாளர் கடையையே மூடிவிட்டார் என்று தெரியவருவதைப் போன்றது இது. எங்கள் தொழிலில் அந்த அனுபவம் உண்டு.

நுரையீரல் குழாய்களின் எதிர்ப்பு ஏற ஏற, வலப்பக்க அழுத்தமும் ஏறும். ஒரு நாள் அது இடப்பக்கத்துக்குச் சமமாகும், பிறகு மிஞ்சும். அப்போது துளையின் வழியே பாயும் இரத்தம் திசை மாறுகிறது. ஆக்சிஜன் ஏறாத கருஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே உடலுக்குள் கலக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. விரல் நுனிகள் மத்தளக் குச்சியின் முனைபோல் உருண்டு பருக்கின்றன. வியன்னா மருத்துவர் விக்டர் ஐசன்மெங்கர் 1897இல் இத்தகைய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். குழந்தைப் பருவம் முதல் நீலம் பாரித்திருந்து, 32 வயது வரை வாழ்ந்த ஆண் அவர். அதன் இயக்கத்தை விரிவாக ஆராய்ந்து, ஐசன்மெங்கரின் பெயராலேயே 1958இல் அழைத்தவர் இலண்டன் மருத்துவர் பால் வுட்.

தொடர் வைப்பு

தந்தையார் முற்றிலும் நம்பிக்கையில் மூழ்கிவிடவில்லை. எப்போதாவது அறுவை தேவைப்பட்டால் என்று, 1976இல் எங்கள் வங்கியிலேயே மாதம் நூறு ரூபாய் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினார். அவருடைய அன்றைய சம்பளத்தில் அது பெரிய தொகை. ஐந்தாண்டு முடிந்ததும் முதிர்வுத் தொகையை வைப்பில் போட்டுவிட்டு, மீண்டும் ஐந்தாண்டுக்கு இன்னொன்று. நான் பிறந்து நினைவு தெரிந்த நாளில், வீட்டில் 'அக்கா புத்தகம்' என்றால் அந்தப் பாஸ்புக்தான். தீபாவளிக்குத் துணி எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு வந்தாலும் அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டார்கள்.

1985இல், பதினொரு வயதில், பள்ளி மைதானத்தில் அக்கா மயங்கி விழுந்தார். உதடுகள் நாவற்பழம் தின்றாற்போல் இருந்தனவாம். தந்தையார் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அக்காவை அழைத்துச் சென்றார். தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் அறைகளிலும் நுரையீரல் தமனியிலும் அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். மறுநாள் மருத்துவர் தந்தையாரை உட்கார வைத்து, மெல்லச் சொன்னார்: இனி மூடக்கூடாது.

முடியாது என்று சொல்லவில்லை, கூடாது என்றார். இந்தச் சொல்லின் பொருள் எங்களுக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. நுரையீரல் குழாய்கள் இறுகிவிட்ட நிலையில், வலக் கீழறைக்கு அந்தத் துளைதான் போக்கிடம். பிரஷர் குக்கரின் வால்வைப் போல, அழுத்தம் தாங்காதபோது இரத்தம் அதன் வழியேதான் வெளியேறுகிறது. துளையை அடைத்தால் வலக் கீழறை தாங்காமல் செயலிழந்துவிடும். எந்தக் குறை நோயை உண்டாக்கிற்றோ, அந்தக் குறையே இப்போது உயிரைக் காத்து நிற்கிறது.

தந்தையார் பாஸ்புக்கைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். சேர்த்த தொகை முழுவதையும் அக்காவின் பெயரில், தம்மைக் காப்பாளராகக் குறித்து, ஓராண்டு வைப்பில் போட்டார். அதிக வட்டிக்கு ஐந்தாண்டு போடலாமே என்று அன்றைய எழுத்தர் சொன்னதற்கு, ஓராண்டு போதும் என்று மட்டும் சொன்னாராம். ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் வந்து, அதே ஓராண்டுக்குப் புதுப்பிப்பார். 2009இல் அவர் காலமாகும் வரை அந்த வழக்கம் மாறவில்லை. நான் வங்கியில் சேர்ந்த பிறகு, பழைய புதுப்பிப்புப் பதிவுகளை ஒருமுறை வரிசையாகப் பார்த்தேன். அந்தத் தேதிகளுக்குப் பின்னால் இருந்த அச்சத்தை எந்த ஏடும் பதிவு செய்வதில்லை.

மதுபாலா

இந்நோயோடு வாழ்ந்தவர்களில் இந்தியா முழுவதும் அறிந்த பெயர் ஒன்று உண்டு. 1933 பிப்ரவரி 14இல் டெல்லியில் பிறந்து, 1942இல் 'பசந்த்' படத்தில் சிறுமியாக நடித்து, 1949இல் 'மகால்' படத்தால் புகழின் உச்சிக்குப் போனவர் நடிகை மதுபாலா. அவருக்கும் கீழறைகளுக்கு இடையேயான சுவரில் துளை. 1954இல், ஜெமினி நிறுவனத்தின் எஸ்.எஸ். வாசன் எடுத்த 'பஹுத் தின் ஹுவே' என்ற இந்திப் படத்துக்காகச் சென்னைக்கு வந்திருந்தபோது, படப்பிடிப்பில் இரத்த வாந்தி எடுத்தார். அவருடைய நோய் வெளியுலகுக்குத் தெரியவந்தது அப்போதுதான். வாசன் குடும்பத்தினர் அவரைப் பரிவுடன் கவனித்துக்கொண்டனர் என்பது திரையுலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

அதே 1954இல்தான், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் வால்டன் லில்லிஹை, இத்தகைய துளையைத் திறந்த இதயத்தில் தைத்து மூடும் முறையைத் தொடங்கினார். இதய-நுரையீரல் இயந்திரம் அப்போதுதான் உருவாகி வந்தது. டாக்டர் ஜான் கிப்பன் 1953 மே மாதத்தில் அதைக் கொண்டு ஒரு வெற்றியைக் கண்டிருந்தார். லில்லிஹை இயந்திரத்தை நம்பவில்லை. குழந்தையின் இரத்தக் குழாய்களைப் பெற்றோருள் ஒருவரின் இரத்தக் குழாய்களோடு இணைத்தார். அறுவை நடக்கும் நேரம் முழுவதும் தந்தையோ தாயோ அருகில் படுத்து, தம் இதயத்தாலும் நுரையீரலாலும் பிள்ளையின் உடலுக்கும் சேர்த்து இரத்தத்தைச் சுத்திகரித்து அனுப்பினார்கள். ஒரே அறுவையில் இரண்டு உயிர்களைப் பணயம் வைக்கிறார் என்று அவரைக் கண்டித்தவர்கள் உண்டு. இதைப் படித்த நாளில் எனக்கு எங்கள் தந்தையார்தான் நினைவுக்கு வந்தார். அவரைக் கேட்டிருந்தால் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பார்.

மதுபாலா நடிப்பதை நிறுத்தவில்லை. 'சல்தி கா நாம் காடி', 'ஹௌரா பிரிட்ஜ்' எல்லாம் 1958இல் வந்தவை. 1960 ஆகஸ்ட் 5இல் 'முகல்-ஏ-ஆசம்' வெளியாயிற்று. சிறைக் காட்சிகளில் உண்மையான இரும்புச் சங்கிலிகளைச் சுமந்து நடித்தார். அந்தக் காட்சிகளை இப்போது பார்க்கும்போது எனக்கு நடிப்பு தெரிவதில்லை. அக்கா ரயில் நிலையப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றி நிற்பதுதான் தெரிகிறது. அதே ஆண்டு கிஷோர் குமாரை மணந்து, சிகிச்சைக்காக இலண்டன் சென்றார். காலம் கடந்துவிட்டது என்று அங்கே அறுவையை மறுத்துவிட்டனர். இன்னும் இரண்டு ஆண்டுகள் என்று கணித்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1969 பிப்ரவரி 23இல், 36 வயது நிறைந்து ஒன்பதாம் நாள் மறைந்தார். அவர் நடித்த 'ஜ்வாலா' 1971இல்தான் வெளிவந்தது.

சாந்தாகுரூஸ் கிளையில் மூன்றாண்டு பணியாற்றியபோது, அவர் அடக்கம் செய்யப்பட்ட ஜுஹு இடுகாட்டின் வழியே பலமுறை சென்றிருக்கிறேன். 2010இல் இடப் பற்றாக்குறையால் அவருடைய சலவைக்கல் கல்லறையை அகற்றிவிட்டார்கள். அக்காவிடம் அதைச் சொன்னபோது, "முப்பத்தாறு வயசுதானா! நான் அவங்களைவிடப் பெரியவளாயிட்டேனே" என்றார். அப்போது அக்காவுக்கும் சரியாக முப்பத்தாறு முடிந்திருந்தது.

படிகளை எண்ணி வாழ்தல்

மும்பைவாசிக்கு ரயில் நிலைய மேம்பாலப் படிகள் ஒரு பொருட்டல்ல. அக்காவுக்கு ஒவ்வொரு நிலையத்தின் படிக்கட்டும் எண்ணிக்கையோடு மனப்பாடம். எந்த நிலையத்தில் மின்படி இருக்கிறது, எங்கே பாதியில் நின்று மூச்சு வாங்க அகலமான இடம் இருக்கிறது, எந்த நடைமேடையிலிருந்து பாலமேறாமலே சாலைக்குப் போகலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அஞ்சல் வழியில் பி.காம். முடித்து, வீட்டிலிருந்தே சயான், மாட்டுங்கா கடைக்காரர்கள் பலருக்குக் கணக்கு எழுதுகிறார். ஜிஎஸ்டி வந்தபோது அவரிடம் பாடம் கேட்டவர்களில் நானும் ஒருவன். 2012இல் மூன்றாம் மாடி வீட்டை விட்டுத் தரைத்தள வாடகை வீட்டுக்கு மாறினோம். சொந்த வீட்டை விட்டு வாடகைக்குப் போவார்களா என்று உறவினர்கள் கேட்டார்கள். 54 படிகள் என்று அக்கா பதில் சொன்னார்.

ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களை மிகுதியாக உற்பத்தி செய்கிறது. அக்காவின் ஹீமோகுளோபின் 19, 20 என்று இருக்கும். புதிய பரிசோதனைக் கூடத்துக்குப் போனால், கருவியில் கோளாறு என்று மறுபடி இரத்தம் எடுப்பார்கள். ஒரு காலத்தில், இரத்தம் கெட்டியாகிவிட்டது என்று சொல்லி, ஓர் இடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பாட்டில் இரத்தத்தை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மேலும் மேலும் சோர்ந்தார். பிறகு, பிறவி இதய நோயுடன் வளர்ந்தவர்களுக்கென்றே சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஒருவரிடம் போனபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். இவருக்கு அந்த மிகுதி நோயல்ல, பிழைப்பதற்கான வழி. எடுக்க எடுக்க இரும்புச்சத்துதான் வற்றுகிறது என்றார். தலைவலி, பார்வை மங்கல் போன்ற தொல்லைகள் கடுமையாகி, உடலில் நீர்வற்றலும் இல்லை என்று உறுதியானால்தான் எடுக்கலாமாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த சில மாதங்களில் அக்கா பழைய நடைக்குத் திரும்பினார். எண்ணை மட்டும் பார்த்து ஆளைப் பார்க்காமல் போவது எல்லாத் துறையிலும் நடக்கிறது.

அவருடைய கைப்பையில் ஓர் அட்டை இருக்கும். டிரிப்ஸ் ஏற்றும்போது குழாயில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக்கூடாது என்று அதில் முதல் வரி. நமக்கு அந்தச் சிறு குமிழியை நுரையீரல் வடிகட்டிவிடும். அவருக்கு அது துளை வழியே நேராக மூளைக்குப் போகலாம். பல் பிடுங்குவதற்கு முன் கிருமிக்கொல்லி மருந்து தேவை என்பது இரண்டாம் வரி. பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி இதயத்தின் உட்புறத்தில் குடியேறிவிடக்கூடும். மயக்க மருந்து கொடுப்பதானால் முதலில் இன்னாருடன் பேசவும் என்று மருத்துவரின் தொலைபேசி எண் மூன்றாவது. கோடையில் தண்ணீர்ப் புட்டியும் குடையும் இல்லாமல் அவர் வெளியே போவதில்லை. நீர் வற்றினால் கெட்டியான இரத்தம் இன்னும் கெட்டிப்படும். உயரமான மலைத்தலங்களுக்குப் போனதேயில்லை. ஒருமுறை இருமலில் இரத்தம் வந்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை, நானும் இங்கே விட்டுவிடுகிறேன்.

மருந்து என்று ஒன்று வந்ததே எங்கள் வாழ்நாளில்தான். போசென்டான் என்ற மாத்திரை இந்நோயாளிகளின் நடக்கும் திறனைக் கூட்டுகிறது என்ற ஆய்வு 2006இல் வெளியாயிற்று. ஈரல் பாதிக்கப்படுகிறதா என்று தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று சில்டெனாஃபில். வேறொரு பயன்பாட்டால் உலகப் புகழ்பெற்ற மருந்து. நுரையீரல் குழாய்களையும் அது தளர்த்துகிறது. அதைக் கேட்டுக் கடைக்குப் போனால் கடைப் பையன்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரிப்பார்கள். என்னை அனுப்பாமல் அக்கா தாமே போவார். மருந்துச் சீட்டை மேசைமேல் விரித்து, "நுரையீரல் அழுத்தத்துக்கு, தினம் மூன்று வேளை, முப்பது நாளைக்கு" என்று மராத்தியில் உரக்கச் சொல்வார். சிரிப்பு நின்றுவிடும். இந்த மருந்துகள் துளையை மூடுவதில்லை. இறுகிய குழாய்களைப் பழைய நிலைக்கு மீட்பதுமில்லை. தெருமுனை வரை நடந்தவரைச் சந்தை வரை நடக்க வைக்கின்றன. அதுவே எங்களுக்குப் பெரிது.

திருமணம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நோயுள்ள பெண் கருவுற்றால் தாயின் உயிருக்கே பேராபத்து. பத்துப் பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இறந்ததாகப் பழைய மருத்துவக் கணக்குகள் உள்ளன. இன்றும் கருவுற வேண்டாம் என்பதே மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. அக்காவின் இருபதுகளில், சொல்லாமலே செய்துவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொன்ன உறவினர் உண்டு. தந்தையார் வந்த வரன்களிடமெல்லாம் முதல் சந்திப்பிலேயே உண்மையைச் சொன்னார். மூன்றாவது வரனுக்குப் பிறகு, இனி யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். அந்த முடிவில் வருத்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டா என்பதே எனக்குத் தெளிவாகவில்லை.

மறைக்காமல் எழுதுக

எங்கள் மேசைக்கு வரும் கேள்வி ஒன்று உண்டு. இத்தகைய நோய் இருப்பவர் காப்பீடு எடுக்கும்போது அதைப் படிவத்தில் எழுத வேண்டுமா? எழுதத்தான் வேண்டும். மறைத்து எடுத்த பாலிசி, பணம் தேவைப்படும் நாளில் நிராகரிக்கப்பட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக்கூடாது. தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் செலுத்தியபின், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, விவரத்தை வெளியிடவில்லை என்ற காரணத்தால் கோரிக்கையை மறுக்க இயலாது. பாலிசிப் பத்திரத்தில் பிறவிக் குறைபாட்டை 'உட்புறம்', 'வெளிப்புறம்' என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இதயத் துளை உட்புறக் குறைபாடு. கையெழுத்திடுமுன் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

நோயைக் காரணம் காட்டி ஆயுள் காப்பீடு மறுக்கப்பட்ட அக்கா, 2015இல் பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா வந்தவுடன் தாமே வந்து சேர்ந்துகொண்டார். 18 முதல் 50 வயது வரை உள்ள கணக்குதாரர் மருத்துவப் பரிசோதனை இன்றிச் சேரலாம். 55 வயது வரை தொடரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய். இழப்பீடு இரண்டு இலட்சம். புதிதாகச் சேர்வோருக்கு முதல் 30 நாள்களில் விபத்து மரணம் தவிர மற்றவற்றுக்கு இழப்பீடு இல்லை. அன்று அக்காவுக்கு 41 வயது. படிவத்தை நிரப்பியபோது, "வாழ்க்கையிலே முதல் தடவையா என் மார்பைத் தட்டிப் பார்க்காம ஒருத்தர் காப்பீடு கொடுக்கிறாங்க" என்று சிரித்தார்.

இதைப் படிக்கும் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேர் ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறையோடு பிறக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோருக்கு இன்று தீர்வு உண்டு. கருவிலேயே ஐந்தாம் மாத வாக்கில் ஸ்கேன் மூலம் பல குறைகளைக் காண முடிகிறது. பிறந்த மறுநாள் குழந்தையின் கையிலும் காலிலும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பது சில நிமிட வேலை. ஆனால் அக்காவுக்கு இருந்ததைப் போன்ற துளையைத் தொடக்கத்தில் அந்தக் கருவி காட்டாது. அப்போது இரத்தம் நீலமாக இருப்பதில்லை. பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, எடை ஏறுகிறதா என்பதைத் தாய்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எக்கோ எடுத்துவிட வேண்டும். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதித்து, இதயக் குறை இருந்தால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கிறது.

வளர்ந்தவர்களுக்கும் எல்லாக் கதவும் மூடியிருப்பதில்லை. மேலறைச் சுவரில் உள்ள துளை பல ஆண்டுகள் தொல்லை தராமலே இருக்கும். எங்கள் கிளையின் காசாளர் ஒருவருக்கு 44 வயதில், வழக்கமான உடற்பரிசோதனையில்தான் அது தெரியவந்தது. அவருடைய நுரையீரல் அழுத்தம் ஏறியிருக்கவில்லை. தொடை வழியே குடை போன்ற சாதனத்தைச் செலுத்தி அடைத்தார்கள். இரண்டு வாரத்தில் காசு எண்ண வந்துவிட்டார். அவருக்கும் அக்காவுக்கும் உள்ள வேறுபாடு, துளை எந்தச் சுவரில், எவ்வளவு பெரியது, நுரையீரல் எத்தனை ஆண்டு வெள்ளத்தைத் தாங்கியது என்பவைதாம். இருவரும் சந்தித்தபோது அவர் ஏனோ மன்னிப்புக் கேட்பவர்போல் பேசினார். அக்கா அவரிடம் ஜிஎஸ்டி பற்றிப் பேசி நிலைமையைச் சரிசெய்தார்.

கடந்த ஆண்டு அக்காவுக்கு ஐம்பது நிறைந்தது. கேக் வெட்டவில்லை, கோவிலுக்குப் போய்விட்டு, தரைத்தளத்திலேயே இருக்கும் ஓர் உடுப்பி உணவகத்தில் சாப்பிட்டோம். அதற்கு அடுத்த மாதம், தந்தையார் போட்ட வைப்பின் முதிர்வு தேதி வந்தது. மாதாமாதம் அதன் வட்டியில்தான் மருந்துச் செலவின் ஒரு பகுதி போகிறது. தந்தையார் மறைந்த பிறகும், அவரைப் போலவே ஓராண்டுக்குத்தான் அக்கா புதுப்பித்து வந்தார். நான் அந்தக் கிளையிலிருந்து மாற்றலாகிவிட்டிருந்தாலும் அன்று விடுப்பெடுத்துத் துணைக்குப் போயிருந்தேன். படிவத்தை நிரப்பி என்னிடம் நீட்டினார். நியமனதாரர் என்ற இடத்தில் என் பெயர். காலம் என்ற இடத்தில் 60 மாதங்கள் என்று எழுதியிருந்தார்.

தவறி எழுதிவிட்டாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். "வட்டி கூடத் தராங்களே, ஏன் விடணும்?" என்றார். இப்போது ஐந்தாண்டுக்கு அப்படியொன்றும் பெரிதாகக் கூடுவதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படிவத்தை வாங்கிக் கவுன்டரில் கொடுத்தேன்.